அரைநெல்லிக்காய் அளவு

போன பங்குனியில் ஒரு பெரியவர், பாதி தீர்ந்த வலி ஜெல் ட்யூபைக் கொண்டுவந்து எங்கள் கவுன்ட்டர் கண்ணாடிமேல் வைத்தார். அடியிலிருந்து ஒழுங்காகச் சுருட்டி, பற்பசை மாதிரி சிக்கனமாகப் பிதுக்கியிருந்தார்.

"டேட்டு முடிஞ்சதைக் குடுத்துட்டியே பாப்பா. நாலு நாளாத் தேய்க்கேன். ஒரு எரிச்சல் இல்ல, ஒரு வாசனை இல்ல. பச்சத் தண்ணி மாதிரி இருக்கு."

தேதியைப் பார்த்தேன். இன்னும் பதினான்கு மாதம் கிடந்தது. மருந்தில் ஒரு குறையும் இல்லை. அவருடைய சீட்டில் எழுதியிருந்தது வெறும் டைக்ளோஃபினாக் ஜெல். அதில் மெந்தால் கிடையாது, விண்டர்கிரீன் எண்ணெய் கிடையாது. அதை எடுத்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கடை அண்ணாச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அவருக்கு அந்தக் காட்டமானதை எடுத்துக் குடும்மா" என்றுவிட்டார். பெரியவர் புது ட்யூபைக் கடையிலேயே திறந்து, புறங்கையில் கொஞ்சம் தேய்த்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "இதுல்ல மருந்து!" என்று காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

டி.ஃபார்ம் முடித்து, ராஜபாளையத்தில் இந்த மெடிக்கலில் நிற்கத் தொடங்கி பதினேழு வருஷம் ஆகிறது. மில் ஷிப்ட் விட்டு வருகிறவர்கள், தறிக்காரர்கள், நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பும் அக்காமார்கள், தென்னந்தோப்பில் காய் பொறுக்குகிறவர்கள் என்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் வலிக்குத்தான் வருகிறார்கள். அவர்களிடம் நான் தினமும் சொல்ல நினைத்து, வரிசை நீளமாக இருப்பதால் சொல்லாமல் விடுவதை எழுதத்தான் இது. நம் ஆட்களுக்கு மாத்திரை மருந்து, ஜெல் தைலம். அதனால் மாத்திரையைக் கணக்கில்லாமல் விழுங்குகிறார்கள், ஜெல்லைப் பொட்டு வைக்கிற மாதிரி வைக்கிறார்கள். இரண்டுமே தலைகீழ்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் 'வலி' என்ற ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறவர்கள், எங்களிடம் வந்தால் வகை வகையாகச் சொல்வார்கள். கால் உளையுது. கெண்டைக்கால் கடுக்குது. முட்டிக்குள்ள மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி நறநறங்குது. கழுத்து பிடிச்சுக்கிச்சு. படியில கால் பிரண்டு சுளுக்கிக்கிச்சு. பாதம் திகுதிகுன்னு எரியுது. விரல் நுனி மதமதன்னு கெடக்கு. இத்தனை சொல்லும் ஒரே வலிக்குப் பல பெயர் இல்லை. உளைச்சலும் கடுப்பும் பெரும்பாலும் தசை. நறநறப்பு, தேய்ந்த மூட்டு. சுளுக்கும் பிடிப்பும் நேற்றோ இன்றோ வந்த காயம். இதிலெல்லாம் ஜெல்லுக்கு வேலை உண்டு. திகுதிகு எரிச்சலும் மதமதப்பும் வேறு சாதி. சர்க்கரை உள்ளவர் அப்படிச் சொன்னால் பெரும்பாலும் நரம்பு கெட்டிருக்கிறது என்று பொருள். அதன்மேல் டைக்ளோ ஜெல் எத்தனை ட்யூப் தேய்த்தாலும் பிரயோசனம் இல்லை. அப்படி வருகிறவரிடம் ட்யூபை விற்காமல், "பாதத்தை ஒருதடவை டாக்டர்ட்ட காட்டுங்க பெரியம்மா" என்று அனுப்பினால் அண்ணாச்சி முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

எரிந்தால்தான் மருந்து என்று நம்மைப் பழக்கியவை தைலங்கள். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் பிறகு மதராஸுக்கு வந்து, நான்கு தலைமுறை நெற்றிகளில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மயிலாப்பூர் லஸ் பக்கம் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில்தான். சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் பெட்டியில் சோப்புக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் கோடாலி தைலம் இருக்கும். ஊட்டி போனவர் நீலகிரித் தைலம் வாங்காமல் மலை இறங்கமாட்டார். இவையெல்லாம் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை செய்யும் வேலை வேறு. மெந்தால் தோலைக் குளிரவைப்பதில்லை; குளிர் வந்தால் மூளைக்குச் சேதி சொல்லும் நரம்பு நுனியைப் பொய்யாகத் தட்டி எழுப்புகிறது, அவ்வளவுதான். மிளகாயில் இருக்கும் காப்சைசின் அதேபோலச் சூட்டுக்கான நுனியைத் தட்டுகிறது. இந்த நுனிகளில் சூட்டையும் குளிரையும் உணரும் புரதங்களைத் தேடிக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். முட்டி வலிக்கும்போது தோலில் குளிரும் எரிச்சலும் கிளம்பினால் மூளையின் கவனம் கொஞ்சம் அந்தப் பக்கம் போகிறது. வலி குறைந்த மாதிரி இருக்கும். மூட்டுக்குள் எதுவும் மாறியிருக்காது.

இந்தக் கூட்டத்தில் விண்டர்கிரீன் எண்ணெய் மட்டும் கொஞ்சம் விவகாரமானது. மெத்தில் சாலிசிலேட் என்று ட்யூபில் போட்டிருப்பது இதுதான். ஆஸ்பிரினுக்குப் பங்காளி. இது கிடைக்கும் செடி நம் நீலகிரி உச்சியிலேயே வளர்கிறது, ஊட்டிக் கடைகளில் சின்னப் பாட்டிலில் விற்கிறார்கள். சுத்தமான எண்ணெய் ஒரு டீஸ்பூன் என்பது இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். வாசனை மிட்டாய் மாதிரி இருப்பதால் குழந்தை வாயில் வைத்துவிடும், உயிருக்கே ஆபத்து. டிவி அலமாரியில் அந்தப் பாட்டிலைத் திறந்துபோட்டிருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இதய வால்வு மாற்றி, ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த எண்ணெய் கலந்த களிம்பைத் தாராளமாகத் தேய்த்தால் ரத்தம் உறையும் கணக்கு தப்பிவிடும். தைலம்தானே என்று டாக்டரிடம் சொல்லவும் மாட்டார்கள்.

டைக்ளோஃபினாக் இந்த வரிசையில் வராது. அடிபட்ட திசுவிலும் தேய்ந்த மூட்டிலும் புரோஸ்டாகிளாண்டின் என்று ஒன்று சுரக்கிறது. அது அங்குள்ள நரம்பு நுனிகளைத் தொட்டாற்சுருங்கியாக மாற்றிவிடுகிறது. நேற்றுவரை சாதாரணமாக ஏறிய படி இன்றைக்கு ஆணி மாதிரி குத்துவது அதனால்தான். ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்தச் சுரப்பைத்தான் நிறுத்துகின்றன என்று ஜான் வேன் 1971இல் காட்டினார், 1982இல் அதற்கு நோபல் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி கம்பெனி டைக்ளோஃபினாக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1970களில். இன்றைக்கு எங்கள் கடையில் பாராசிட்டமாலுக்கு அடுத்தபடி மக்கள் வாயில் சரளமாக வரும் மருந்துப் பெயர் 'டைக்ளோ'தான். "ஒரு டைக்ளோ ஊசி போட்டா எந்திரிச்சு உக்காந்துருவேன்" என்பது இங்கே சாதாரணப் பேச்சு.

புரோஸ்டாகிளாண்டின் வலிக்கு மட்டும் சுரப்பதாக இருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும். அதே பொருள்தான் வயிற்றின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும்போது குழாயை விரித்துக்கொடுப்பதும் அதுதான். மாத்திரை ரத்தத்தில் கலந்து ஊரெல்லாம் சுற்றும்போது முட்டியில் நிற்பது வயிற்றிலும் நிற்கிறது, சிறுநீரகத்திலும் நிற்கிறது. பிரஷர் ஏறுகிறது, இதயத்துக்கும் சுமை. இதைப் படித்துப் பரிட்சை எழுதி மார்க் வாங்கியவள் நான். என் வீட்டிலேயே அது நடந்துகொண்டிருந்தது எனக்கு நாலு வருஷம் தெரியவில்லை.

அம்மா சத்திரப்பட்டியில் விசைத்தறியில் இருபத்தாறு வருஷம் நின்றவள். ஆஸ்பத்திரிக்கான கட்டுத்துணி நெய்கிற ஊர் அது. ஊருக்கெல்லாம் காயத்துக்குத் துணி போகும். தறிக்காரி காலுக்கு உட்கார ஸ்டூல் கிடையாது. காலையில் ஏறினால் இரவுவரை நான்கு தறிக்கு நடுவில் நடை. இப்போது இரண்டு முட்டியும் உள்பக்கமாகத் தேய்ந்து, கால் இரண்டும் வில் மாதிரி வெளியே வளைந்திருக்கின்றன. உப்பு ஒத்தடம், நொச்சித் தழை, கற்பூராதி தைலம், யாரோ கொல்லிமலையிலிருந்து கொண்டுவந்த முடவாட்டுக்கால் சூப் எல்லாம் ஒரு சுற்று முடிந்துவிட்டது. சர்க்கரையும் பிரஷரும் ஒன்பது வருஷமாக உண்டு.

போன ஆடியில் கால் வீங்கியது. முட்டி இல்லை, கணுக்கால். ரத்தம் எடுத்தோம், சிறுநீரகம் தளர்ந்தால் ஏறுகிற கிரியாட்டினின் 1.9. டாக்டர் அம்மாவைப் பார்த்து, "வலி மாத்திரை எதுவும் போடுறீங்களாம்மா?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு, "இல்ல சார், எம் மகளே மெடிக்கல்லதான இருக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவள் சுருக்குப் பையைக் கவிழ்த்தேன். வெற்றிலைக் காம்பு, ஐந்து ரூபாய்க் காசுகள், கத்தரித்த அட்டைத் துண்டுகள். ஒரு கடையில் பேப்பரில் மடித்து "முட்டி வலி செட்டு" என்று கொடுப்பார்களாம். பத்து ரூபாய்க்கு மூன்று மாத்திரை. ஒன்று டைக்ளோ, ஒன்று வாயுவுக்கு, மூன்றாவது சின்ன வெள்ளை மாத்திரை ஒரு ஸ்டீராய்டு. சர்க்கரை ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததற்கும் அன்றைக்குப் பதில் கிடைத்தது. "உங்கிட்ட கேட்டா நீ திட்டுவ" என்றாள். திட்டியிருப்பேன்தான்.

டாக்டர் மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்னார். அதிகம் வலிக்கும் வலது முட்டிக்கு மட்டும் டைக்ளோ ஜெல், ஒரு மாதத்தில் மறுபடி கிரியாட்டினின், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கித் தொடைக்குப் பயிற்சி. சிறுநீரகம் ஏற்கெனவே அடிவாங்கியவர் ஜெல்லைக்கூடக் கேட்காமல் எடுக்கக்கூடாது. இங்கே டாக்டர் கேட்டு, பார்த்து, தேதி போட்டுக் கொடுத்தது. அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் பாடமாகத் தெரிந்ததுதான். ஒரு முட்டிக்கு முழு அளவில் ஜெல் போட்டாலும், மாத்திரை போட்டால் ரத்தத்தில் ஏறுவதில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் ஏறும். அதே ஜெல்லை இரண்டு முட்டி, இரண்டு கை என்று நாளுக்கு 48 கிராம் பூசிக்கொண்டால் அது 20 சதவீதம்வரை போகும். ஆக, கொஞ்சமாகத்தான் ஏறும். ஏறவே ஏறாது என்று இல்லை.

மிச்சம் எங்கே போகிறது என்று அம்மா கேட்டாள். நல்ல கேள்வி. பெரும்பகுதி உள்ளே நுழைவதே இல்லை. நம் தோலின் மேலடுக்கு செத்த செல்களால் கட்டிய சுவர். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது, ஆனால் மழை, வெயில், தூசி எதையும் விடாது. அதைத் தாண்ட வைப்பதுதான் ஜெல் செய்கிறவர்களின் சாமர்த்தியம். ஜெல்லில் இருக்கும் ஆல்கஹால் காற்றில் பறக்கும், தடவியதும் ஜில்லென்று இருப்பது அதனால். அது பறந்ததும் மிச்சமிருக்கும் மருந்து செறிவாகி உள்ளே இறங்க முண்டுகிறது. தோலுக்கடியில் கொஞ்சம் தங்கி, அங்கிருந்து மெதுவாகத் தசைக்கும் மூட்டுச் சவ்வுக்கும் போகிறது. முட்டி மாற்று அறுவைக்குக் காத்திருந்தவர்களுக்குச் சில நாள் முன்பிருந்தே தடவச்செய்து, அறுவையின்போது எடுத்த மூட்டுச் சவ்வை அளந்தபோது, ரத்தத்தில் இருந்ததைவிட அங்கே மருந்து அதிகமாக இருந்திருக்கிறது. முட்டியும் கைவிரலும் தோலுக்கு அருகில் இருப்பதால் இது எடுபடுகிறது. இடுப்பு மூட்டு சதைக்குள் புதைந்து கிடப்பது. அங்கே பூசுவது பாறைமேல் தண்ணீர் தெளிப்பதுதான்.

இனி அளவுக்கு வருகிறேன். இதற்காகத்தான் தலைப்பே.

அம்மா எவ்வளவு எடுக்கிறாள் என்று பார்க்க, எங்கள் கடைக்குப் பக்கத்து அடகுக் கடையில் தராசை இரவல் கேட்டேன். தங்கம் நிறுக்கிற தராசில் ஜெல்லா என்று அந்தத் தம்பி முழித்தான். ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து, அம்மா வழக்கமாக எடுக்கிற அளவைப் பிதுக்கச் சொன்னேன். அரை கிராம்கூட வரவில்லை. ஒரு முட்டிக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 4 கிராம்வரை. அமெரிக்காவில் இந்த ஜெல் 2020இலிருந்து சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் அட்டை வைத்துத் தருகிறார்கள், அதில் நாலரை அங்குலத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டின் நீளத்துக்கு ஜெல்லைப் பிதுக்கினால் 4 கிராம். முழங்காலுக்கு நாளைக்கு நாலு தடவை அப்படி. ஐரோப்பியத் தாள்களில் செர்ரிப் பழ அளவிலிருந்து வால்நட் அளவுவரை என்று எழுதியிருக்கும். செர்ரியை கேக்மேல் சிவப்பாகப் பார்த்ததோடு சரி. நான் யோசித்து யோசித்து, அரைநெல்லிக்காய் என்று சொல்லத் தொடங்கினேன். பள்ளிக்கூட வாசலில் உப்பு மிளகாய்த்தூள் தூவி விற்பார்களே, அந்தக் காய். எல்லோருக்கும் உடனே புரிகிறது.

புரிந்ததும் அடுத்த கேள்வி வரும், "அப்படின்னா ட்யூபு எத்தனை நாளைக்கு வரும்?" நம் ஊரில் சாதாரணமாக விற்கும் ட்யூப் 30 கிராம். வேளைக்கு 4 கிராம், நாலு வேளை என்றால் 16 கிராம். இரண்டு நாள் தாண்டாது. ஒரு முட்டிக்கு மாதம் பதினாறு ட்யூப்! விளம்பரத்தில் வரும் ட்யூப் ஒன்று நூறு ரூபாய்க்கு மேல். நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காவிடம் இந்தக் கணக்கைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கும். பத்து ரூபாய்ப் பொட்டலம் ஏன் விற்கிறது என்பதற்கு மக்களின் அறியாமையைக் காரணம் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள்.

வழி முழுக்க அடைபட்டில்லை. ஐரோப்பிய அளவு வேளைக்கு 2 கிராமில் தொடங்குகிறது, நாளைக்கு மூன்று தடவை. அப்படிப் பார்த்தால் ட்யூப் ஐந்து நாள் வரும். மக்கள் மருந்தகத்தில் கம்பெனிப் பெயர் இல்லாத டைக்ளோ ஜெல் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, வேலை அதே வேலைதான். வருஷம் முழுக்கப் பூச வேண்டியதும் இல்லை, வலி ஏறும் வாரங்களில் ஒழுங்காகப் பூசி, இறங்கியதும் விடலாம். ஆனால் அந்த வாரத்தில் ஒழுங்காகப் பூச வேண்டும். தேய்மான வலிக்கு முதல் நாளே பலன் தெரியாது, ஒரு வாரம்வரை ஆகலாம். வலிக்கும்போது ஒரு பட்டாணி, மறந்துபோனால் இரண்டு நாள் கழித்து ஒரு பட்டாணி என்று பூசிவிட்டு "ஜெல்லு கேக்கல" என்பவர்கள் ஜெல்லைப் பரீட்சித்தே பார்க்கவில்லை.

சரி, ஒழுங்காகப் பூசினால் கேட்குமா? கோக்ரேன் என்று மருந்து ஆராய்ச்சிகளையெல்லாம் ஒன்றுசேர்த்து எடைபோடும் அமைப்பு இருக்கிறது. அவர்கள் 2015, 2016இல் வெளியிட்ட கணக்குகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். புதிதாக வந்த சுளுக்கு, தசைப்பிடிப்புக்கு எமல்ஜெல் என்ற வகை டைக்ளோஃபினாக் ஜெல் பூசிய 100 பேரில் 78 பேருக்கு ஒரு வாரத்தில் நல்ல குணம். மருந்தில்லாத வெறும் ஜெல் பூசியவர்களில் 20 பேருக்குத்தான். மாத்திரைகளிலேயே இந்த அளவுக்குப் பெரிய வித்தியாசம் காட்டுபவை குறைவு. நாள்பட்ட முட்டித் தேய்மானத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் மருந்து ஜெல்லுக்கு 100இல் 60, வெறும் ஜெல்லுக்கு 50.

அந்த 50 என்னைத் தூங்கவிடாத எண். வெறும் ஜெல்லைப் பூசிய பாதிப் பேருக்கு வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. தேய்மான வலிக்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு, ஆராய்ச்சிக்கு ஆட்கள் சேருவது ஏற்றத்தில். அதனால் தானாக இறங்கியது கொஞ்சம் இருக்கும். ஆனால் எல்லாமே அதுதானா? நாளைக்கு நாலு தடவை உட்கார்ந்து, சேலையை முட்டிவரை ஏற்றி, தன் காலைத் தானே இரண்டு நிமிஷம் தடவிக்கொடுப்பதில் ஏதோ இருக்கிறது. தறியில் நின்ற இருபத்தாறு வருஷத்தில் அம்மா ஒருநாளும் அதைச் செய்ததில்லை.

பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் மருந்து கூடுதலாக உதவுகிறது என்றால் எதற்கு அது என்று கேட்கலாம். மாத்திரையைவிட ஆபத்து மிகக் குறைவு என்பதால்தான். அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் சங்கம் 2019இலும், பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் எழுதும் நைஸ் அமைப்பு 2022இலும் முட்டித் தேய்மானத்துக்குப் பூசுகிற மருந்தை அழுத்தமாகவே பரிந்துரைத்திருக்கின்றன. நம் ஊரில் மாத்திரையும் ஊசியும் முதலில் வருகின்றன, ஜெல் "அதோட இதையும் வச்சுக்கங்க" என்று கடைசியில் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் போடுவதால் பெரிய லாபம் கிடையாது, சுமை மட்டும் கூடும்.

டைக்ளோவைப் பற்றிப் பேசிவிட்டுப் பாறுக் கழுகைப் பற்றிப் பேசாமல் போக எனக்கு மனம் வராது. 1990களில் இந்தியா முழுக்கப் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. காரணம் புரியாமல் வருஷக்கணக்கில் அலைந்து, 2004இல் லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். வலிக்காக மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், மாடு செத்தபின் இறைச்சி வழியாகக் கழுகுக்குள் போய், சிறுநீரகத்தைக் கெடுத்து, உள்ளுறுப்புகள்மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோலப் படிந்து கொன்றிருக்கிறது. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் போய்விட்டன. 2006இல் கால்நடைக்கு இந்த மருந்தைத் தடை செய்தார்கள். அப்புறமும் மனுஷனுக்கான பெரிய பாட்டில் ஊசி மருந்தை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015இல் மனுஷ மருந்தையும் 3 மில்லிக்கு மேல் ஒரே குப்பியில் அடைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது. மருந்துக் கம்பெனிகள் எதிர்த்துப் போன வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. 30 மில்லி பாட்டில் எங்கள் அலமாரியிலிருந்து காணாமல் போனது அப்படித்தான். தென்னாட்டில் மிச்சமிருக்கும் கழுகுகளில் கணிசமானவை முதுமலைக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் கூடு கட்டுகின்றன.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். முன்பெல்லாம் மாடு செத்தால் ஊர் எல்லையில் போட்டுவிடுவார்கள், சாயங்காலத்துக்குள் எலும்புதான் கிடக்கும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கும் கிட்னிதானா" என்று கேட்டாள்.

ஜெல்லால் கெடுதலே இல்லை என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பக்கத்துத் தெரு மதினி, காட்டமான ஜெல்லைத் தடவி, அதன்மேல் கிரேப் பேண்டேஜைச் சுற்றி, அதற்கும் மேல் வெந்நீர்ப் பையை வைத்துப் படுத்துவிட்டார். காலையில் முட்டியில் அப்பளம் மாதிரி கொப்புளம். மெந்தாலும் விண்டர்கிரீனும் கலந்தவற்றால் தோல் வெந்துபோவதாக அமெரிக்க மருந்துத் துறையே 2012இல் எச்சரித்திருக்கிறது. ஒத்தடம் கொடுப்பதானால் அது தனி நேரம், ஜெல் தனி நேரம். கீட்டோப்ரோஃபென் ஜெல் என்று ஒரு வகை இருக்கிறது, நன்றாகவே கேட்கும், ஆனால் பூசிய இடத்தில் வெயில் பட்டால் தோல் பொரிந்துவிடும். பூசும் நாட்களில் மட்டும் இல்லை, நிறுத்தி இரண்டு வாரம்வரை மூடியே வைக்க வேண்டும். சித்திரை மாதம் வயற்காட்டில் நிற்கிறவருக்கு அதை எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து நான் டாக்டருக்குப் போன் செய்து மாற்றியிருக்கிறேன். ஆஸ்பிரின் போட்டால் மூச்சிரைப்பு வருகிறவர்கள், கர்ப்பிணிகள் கேட்காமல் தொடக்கூடாது. புண்மேல் பூசக்கூடாது. பூசிய கையோடு கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை; கைவிரல் மூட்டுக்குப் பூசியவர் மட்டும் உடனே கழுவாமல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து எடுத்ததில் கிரியாட்டினின் 1.5க்கு வந்தது. முழுக்க இறங்குமா என்று டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. வலது முட்டி சுமாராக இருக்கிறது. இடது முட்டிக்கு வெறும் பயிற்சிதான், அதனால் அது கோபித்துக்கொண்டிருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். அலமாரிக் கதவில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள், எத்தனை வேளை பூசினாள் என்பதற்கு. பால் கணக்கு எழுதுகிற மாதிரி நாலு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு.

நேற்று ராத்திரி கடை சாத்திவிட்டு வந்தபோது அவள் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஜெல்லை அரைநெல்லிக்காய் அளவு எடுத்து, முட்டியைச் சுற்றி நிதானமாகத் தடவினாள். அது காயும்வரை சேலையை இறக்காமல் இருந்தாள். பிறகு மடியிலிருந்து கோடாலி தைலம் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும், "கால்ல போடலத்தா" என்று சொல்லி, ஒரு சொட்டு எடுத்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.